குன்வோரின் செம்புக் குண்டு

எங்கள் ஊரில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள் குன்வோர். வயது அறுபதைத் தாண்டிவிட்டது, ஆனால் அதைச் சொன்னால் முறைப்பாள். பனி எவ்வளவு கொட்டினாலும் அவள் வண்டி நேரத்துக்கு வந்து நிற்கும். வண்டிக்குள் எந்தப் பிள்ளையும் வாலாட்ட முடியாது. மர அறுவை ஆலைக்காரர் மகள், அதனால் குரலும் ரம்பம் மாதிரிதான். புருஷன் போன பிறகுதான் வேட்டை உரிமத் தேர்வு எழுதினாள். போன பிறகு என்றால் செத்துப்போகவில்லை, சுந்த்ஸ்வால் நகரத்துக்காரி ஒருத்தியோடு போனான். தேர்வில் தேறி எங்கள் மூஸ் மான் வேட்டைக் குழுவில் முதல் பெண்ணாகச் சேர்ந்தாள். அவர் இருந்தவரை சமைத்தேன், இப்போது சுடுகிறேன் என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

அவளுக்கு ஒரே மகள், தூவா. யெவ்லெ நகரத்தில் கணக்கு வாத்தியாராக இருக்கிறாள். போன வருஷம் தூவாவுக்கு ஒரு கரு தங்காமல் போயிற்று. யாருடைய குற்றமும் இல்லை, பலருக்கும் நடப்பதுதான் என்று டாக்டர் சொன்னார். ஆனால் அதற்கு முந்தின வாரம்தான் தூவா அம்மா வீட்டில் மூஸ் கறி வயிறு நிறையச் சாப்பிட்டிருந்தாள். ஈயக் குண்டு கறிக்குள் போனதும் சிதறும், கண்ணுக்குத் தெரியாத துணுக்கெல்லாம் கறியோடு கலந்துவிடும், கர்ப்பிணிகள் அதைத் தின்னக் கூடாது என்று பிற்பாடு எங்கேயோ படித்தாளாம். ஒரு தடவை அதைச் சொன்னாள். அப்புறம் சொல்லவே இல்லை. இரண்டு பேருமே அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அதுதான் குன்வோரைப் போட்டு அரித்தது.

இந்த வருஷம் தூவா மறுபடியும் உண்டாகியிருந்தாள். அம்மா வீட்டுக்கு வந்தால் வெந்த உருளைக்கிழங்கையும் வெண்ணெயையும் தின்றுவிட்டு, வயிறு நிறைந்துவிட்டது என்று எழுந்துவிடுவாள். குளிர்பெட்டி நிறையக் கறியை வைத்துக்கொண்டு மகள் வெறும் கிழங்கு தின்பதைப் பார்க்க எந்தத் தாய்க்குத்தான் பொறுக்கும்? குன்வோர் ஒரே முடிவாக முடிவெடுத்தாள். இனி செம்புக் குண்டுதான்.

முடிவெடுப்பது சுலபம், குண்டு எடுப்பதுதான் பெரும்பாடு. எங்கள் பக்கத்து ஆட்கள் துப்பாக்கியை வேண்டுமானால் மாற்றுவார்கள், தோட்டாவை மாற்ற மாட்டார்கள். அப்பன் சுட்ட பெட்டிதான் பிள்ளைக்கும். குன்வோரும் இத்தனை வருஷம் ஒரே பச்சைப் பெட்டியைத்தான் வாங்கினாள். கடைக்காரன் ரூனேயிடம் போய், ஈயத்தில் எடுக்கிற அதே எடையில் செம்பு கொடு என்றாள். அவன் தலையை ஆட்டினான். செம்பு ஈயத்தை விடக் கெட்டி, வேகமாகப் போய் மோதினால்தான் உள்ளே போய் விரியும், அதனால் ஈயத்தில் எடுப்பதை விட லேசானதாக எடு, சட்டம் சொல்கிற எடைக்குக் கீழே மட்டும் போகாதே என்றான். மூஸ் யானை மாதிரி இருக்கிறது, அதற்கு லேசான குண்டா என்று இவள் சண்டைக்கு நின்றாள். கடைசியில் மூன்று விதமான பெட்டியை வாங்கிக்கொண்டு, நம்பாத முகத்தோடு வீட்டுக்குப் போனாள்.

கோடை முழுக்க அவளைச் சுடுதளத்தில்தான் பார்க்கலாம். துப்பாக்கிக் குழாயைப் பழைய ஈயக் கறை போகத் தேய்த்துத் தேய்த்துக் கை காய்த்துவிட்டது. முதல் பெட்டிக் குண்டுகள் குறி அட்டையில் ஆளுக்கொரு மூலைக்குப் போயின. இரண்டாவது பெட்டி கொஞ்சம் தேவலை. மூன்றாவது பெட்டி ஒரே இடத்தில் கொத்தாக விழுந்தது, ஆனால் பழைய இடத்துக்கு ஒரு சாண் கீழே. துப்பாக்கிக்கும் நாக்கு ருசி உண்டு, அதற்குப் பிடித்ததைத்தான் தின்னும். குறிபார்க்கும் கண்ணாடியைத் திருகித் திருகிச் சரிசெய்தாள். ஓடும் மூஸ் மாதிரி நகர்கிற குறிப்பலகையில் எல்லாக் குண்டும் நெஞ்சில் விழுந்த நாளில், பக்கத்தில் யாருமில்லாமலே வாய்விட்டுச் சிரித்தாள்.

இதெல்லாம் ஸ்டூரேவுக்குப் பிடிக்கவில்லை. ஸ்டூரேதான் எங்கள் குழுத் தலைவன். நல்ல மனுஷன், ஆனால் தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பான். வேட்டைக்கு முந்தின கூட்டத்தில் எல்லாரும் காபி குடித்துக்கொண்டிருந்தபோது அந்தச் செம்புத் தோட்டாவைக் கையில் வாங்கி உருட்டிப் பார்த்தான்.

"அழகாத்தான் இருக்கு. காதுல தொங்கவிட்டுக்கலாம். மூஸ் சாகுமா?"

"உன் முன்னாடி வந்து நின்னா, சிரிச்சே செத்துடும்" என்றாள் குன்வோர்.

கூட்டம் சிரித்தது, ஸ்டூரேவும் சிரித்தான். ஆனால், செம்பு சும்மா ஊசி மாதிரி துளைத்துக்கொண்டு போகும், மிருகம் காயத்தோடு காட்டுக்குள் ஓடும், அதை ராவெல்லாம் தேடி அலையப் போவது நாங்கள்தான் என்று ஒரு குத்தலும் வைத்தான். குன்வோர் தோட்டாவைத் திரும்ப வாங்கிப் பையில் போட்டுக்கொண்டாள். அந்தப் பயம் அவளுக்கும் இருந்தது.

எங்கள் குழுவில் ஒரு வழக்கம். கறியை எல்லாரும் சமமாகப் பங்கு போட்டுக்கொள்வோம், யார் எதைச் சுட்டது என்று பார்ப்பதில்லை. ஆனால் முதுகுத்தண்டின் அடியில் ஒட்டிக்கொண்டிருக்கிற அந்த மெத்தென்ற சதை மட்டும் சுட்டவருக்கே. குன்வோர் குறி வைத்தது அதற்குத்தான். அது அவளுடைய செம்பில் விழுந்த மிருகமாக இருந்தால், தூவாவின் தட்டில் வைக்கலாம்.

அக்டோபரில் வேட்டை தொடங்கிய அன்று சதுப்பு நிலத்து ஓரமாக இருந்த மர மேடையில் ஏறி உட்கார்ந்தாள். அதே ஓரத்தில், கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில், அடுத்த மேடையில் ஸ்டூரே. காட்டுக்குள் நாய் குரைத்துக்கொண்டே கிட்ட வந்தது. சட்டென்று ஒரு இளங்காளை மூஸ் சதுப்புக்கு வந்து, பக்கவாட்டைக் காட்டிக்கொண்டு நின்றது. குன்வோர் மூச்சைப் பிடித்துச் சுட்டாள்.

மூஸ் நின்றது. ஆடவில்லை, அசையவில்லை, ஏதோ யோசிக்கிற மாதிரி அப்படியே நின்றது. ஊசி மாதிரித் துளைத்துக்கொண்டு போய்விட்டதோ என்று குன்வோர் பதறினாள். அடுத்த தோட்டாவை ஏற்றுவதற்குள் பக்கத்து மேடையிலிருந்து வெடிச் சத்தம் கேட்டது. மூஸ் மடிந்து விழுந்தது.

குண்டு பட்டும் விழாமல் நிற்கிற மிருகத்தை யாரும் சுடலாம், சுடவும் வேண்டும். அது எங்கள் விதி, ஸ்டூரே மேல் தப்பில்லை. ஆனால் வாக்கி-டாக்கியில் அவன் குரல் வந்தபோது குன்வோருக்கு அதைத் தூக்கிச் சதுப்பில் எறியலாம் போலிருந்தது.

"காளை விழுந்துடுச்சு. குன்வோர் ஊசி போட்டா, நான் ஆபரேஷன் பண்ணேன்."

கிட்டப் போய்ப் பார்த்தார்கள். விலாவில் ஒரே ஒரு ஓட்டை. இரண்டு பேரும் ஒரே பக்கத்திலிருந்து சுட்டவர்கள், இரண்டு பேருடையதும் ஒரே அளவு துப்பாக்கி. ஓட்டையைப் பார்த்து யாருடையது என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் ஸ்டூரே சுட்டதும்தானே விழுந்தது? அதனால் அவனுடையதுதான் என்று எல்லாரும் முடிவு கட்டிவிட்டார்கள். வேண்டுமானால் அந்தச் சதையை நீயே வைத்துக்கொள் என்று ஸ்டூரே பெருந்தன்மையாகச் சொன்னான். குன்வோருக்கு அழுகை முட்டியது. ஈயம் பட்ட கறியை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வாள்? கோடை முழுக்கப் பட்ட பாடு ஒரு நிமிஷத்தில் மண்ணாய்ப் போயிற்று. மகளிடம் என்ன சொல்வது?

கொட்டகையில் தோலை உரிப்பது எப்போதும் ஸ்டூரேதான், வேறு யாரையும் கத்தி தொட விடமாட்டான். மற்றவர்கள் வெளியே நெருப்பைச் சுற்றி உட்கார்ந்து, கம்பியில் தொத்திறைச்சியைக் குத்தி வாட்டிக்கொண்டிருந்தார்கள். குன்வோருக்கு ஒன்றும் இறங்கவில்லை. எழுந்து கொட்டகை வாசலுக்குப் போனாள்.

ஸ்டூரே அவளைக் கவனிக்கவில்லை. மூஸின் மறுபக்கத் தோலுக்கடியில் கையை விட்டுத் தடவிக்கொண்டிருந்தவன், எதையோ பிதுக்கி எடுத்தான். கால்சட்டையில் துடைத்தான். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். நாலு இதழ் விரிந்த செம்பு, புதுசாக மின்னியது. வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றான். சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டால் கேட்பார் யாருமில்லை. இத்தனை வருஷத்தில் ஸ்டூரேவின் குறி தப்பியதாக ஊரில் யாரும் கேள்விப்பட்டதில்லை, அந்தப் பேரில்தான் அவன் தலைவனாகவே இருக்கிறான்.

அப்புறம் அவன் குனிந்து, கழுத்திலிருந்து தொடை வரைக்கும் இரண்டு பக்கமும் விரலால் தடவித் தடவிப் பார்த்தான். நிமிர்ந்தபோதுதான் வாசலில் நின்ற குன்வோரைக் கண்டான். அவளைத் தாண்டி வெளியே போய், எல்லாரும் பார்க்கக் கையை நீட்டினான்.

"இது குன்வோரோடது. அவ சுட்டப்பவே இது செத்தாச்சு, விழத்தான் நேரம் எடுத்துக்கிச்சு. என்னோடது எந்த மரத்துல போய் ஏறியிருக்கோ தெரியல. எனக்குத் தப்பிப்போச்சு."

கம்பியில் தொத்திறைச்சி கருகிக்கொண்டிருந்தது. ஸ்டூரே அந்தச் செம்பை அவள் உள்ளங்கையில் வைத்து, மெதுவாக, அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னான்.

"உடம்பு பூரா தடவிட்டேன். வேற ஓட்டையே இல்ல. என் ஈயம் ஒரு துளிகூட இதுல இல்லன்னு பொண்ணுகிட்டச் சொல்லு."

எதற்காக அவள் செம்புக்கு மாறினாள் என்று அவனுக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது. குன்வோர் அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். அவன் ரத்தக் கையை அகல விரித்துக்கொண்டு, என்ன செய்வதென்று தெரியாமல் நின்றான்.

அவள் காருக்குள் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டு மகளைக் கூப்பிட்டாள். மூஸ் கிடைத்தது, செம்புதான், ஒரே குண்டு, நானே சுட்டேன், ஞாயிற்றுக்கிழமை வந்தால் சமைத்து வைக்கிறேன் என்று மூச்சு விடாமல் கொட்டினாள். பயமாயிருந்தால் வேண்டாம், கட்டாயம் ஒன்றுமில்லை, கிழங்கே போதும் என்றும் சேர்த்துக்கொண்டாள்.

"ஞாயித்துக்கிழமை வரைக்கும் ஏன்மா காத்திருக்கணும்?" என்றாள் தூவா. "இப்பவே கிளம்பறேன். எனக்கு ரொம்பப் பசிக்குதும்மா."