பெர்பெத்து அக்கா விட்டுவைத்த இரண்டாவது வரி

பெர்பெத்து அக்கா இல்லை. இன்று காலை அவர் வீட்டுக்காரர் சூசை அண்ணன் போன் செய்து, "தம்பி, ஒங்க அக்கா போயிட்டா" என்று மட்டும் சொன்னார்.

போன வாரம்கூட ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தபடி நான் எழுதிய கம்ப்யூட்டர் கோடில் தப்புக் கண்டுபிடித்து வாய்ஸ் மெசேஜ் அனுப்பியவர். சிரித்துக்கொண்டேதான் திட்டியிருந்தார்.

இங்கே பலருக்கு அவரைத் தெரியாது. தூத்துக்குடியில் துறைமுகச் சரக்கை வெளியே எடுத்துக் கொடுக்கும் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீசில் கம்ப்யூட்டர் வேலை. பகலெல்லாம் கண்டெய்னர் பேப்பர், மிச்ச நேரம் எங்களோடு ஓப்பன் சோர்ஸ், அதாவது யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளும்படி ஆப் எழுதுவது.

படகுக்காரர்களுக்காக நாங்கள் பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து சம்பளமில்லாமல் எழுதுகிற ஆப் அது. காற்று, நீரோட்டம், மேப் என்று ஒவ்வொன்றும் ஒரு தனிப் பகுதி, ஒரு மாட்யூல். அதில் 'ஆள் கணக்கு' மாட்யூல் அக்காவுடையது.

சூசை அண்ணன் கடலுக்குள் மூழ்கிச் சங்கு குளிக்கப் போகிறவர். குளித்து முடித்ததும் வள்ளத்தில் ஒவ்வொருவர் பேராகக் கூப்பிடுவார்கள். அவரவர் வாயால் பதில் வந்த பிறகுதான் எஞ்சினைப் போடுவார்கள்.

அந்தப் பழக்கத்தை அப்படியே ஆப்பில் வைத்தார் அக்கா. பதில் சொன்னவர் பேர் பச்சையாகும்; எல்லாப் பேரும் பச்சையாகும்வரை 'கிளம்பலாம்' என்று வராது.

நான் கயத்தாறுக்காரன். கடலைப் பார்த்ததெல்லாம் பீச்சில் சுண்டல் தின்னும்போதுதான். ஒரு நாள் லிஸ்டில் ஒரே பேர் மூன்று தடவை வந்திருப்பதைப் பார்த்து, டூப்ளிகேட் என்று முடிவு கட்டி, இரண்டைத் தூக்கிவிடும்படி கோடை மாற்றினேன். 'பிழை சரிசெய்யப்பட்டது' என்று குரூப்பில் பெருமையாக மெசேஜ் வேறு.

அக்கா உடனே போன் செய்தார்.

"ஏலே, அந்த வள்ளத்துல மூணு அந்தோணி இருக்கான். ஒருத்தன் ஏறுனா மூணு பேரும் ஏறியாச்சுன்னு காட்டுது ஒன் கோடு. மத்த ரெண்டு பேரயும் தண்ணிக்குள்ளயே விட்டுட்டு வரச் சொல்லுதியா?"

மன்னிப்புக் கேட்டேன்.

"மன்னிப்பெல்லாம் அப்புறம். மொதல்ல அந்த ரெண்டு அந்தோணியயும் திரும்பக் கொண்டா."

நல்லவேளை, கரையில் வைத்து டெஸ்ட் செய்யும்போதே பார்த்துவிட்டார். மறுநாள் பட்டப்பேருக்கு ஒரு கட்டம் சேர்த்தார். சோடா அந்தோணி, கட்ட அந்தோணி, செவத்த அந்தோணி... யாரும் யாரோடும் கலக்கவில்லை.

இன்னொரு தடவை, லிஸ்டில் இருந்து ஒரு பேரை எடுக்க டெலீட் பட்டனே இல்லையே அக்கா என்று கேட்டுத் தொலைத்தேன்.

"எதுக்கு? ஏறி வராதவன் பேர அழிச்சுட்டு எஞ்சினப் போடதுக்கா?"



இப்போது சொல்லப் போவதுதான் சொல்லவே கஷ்டமானது.

போன வருஷம் எங்களால் எல்லா மாட்யூலையும் பார்த்துக்கொள்ள முடியவில்லை. எதையெல்லாம் கோர் டீம் பொறுப்பில் வைத்துக்கொள்வது, எதை வெளியே விடுவது என்று ஆன்லைனில் ஒரு மீட்டிங் வைத்தோம்.

ரூல் எழுதியது நான். ஒரு மாட்யூலைப் பராமரிக்க இரண்டு ஆட்கள் பேர் கொடுத்தால் உள்ளே, ஒருவர்தான் என்றால் வெளியே. "ஒருத்தருக்கு ஏதாவது ஆயிட்டா யார் பாக்குறது?" என்று விளக்கம் சொன்னதும் நான்தான்.

அப்போதே அக்காவுக்கு வைத்தியம் ஆரம்பித்திருந்தது. எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

அவர் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஆபீசிலிருந்து பேசினார். பின்னால் டிரெய்லர் லாரி ஹாரன் கேட்டுக்கொண்டே இருந்தது. "ரெண்டாவது பேருதானே வேணும்? ஒன் பேரப் போடு தம்பி. கோட நான் எழுதிக்கிடுதேன்."

எனக்கு மேப் வேலையே தலைக்கு மேல் இருக்கிறது, நேரமில்லை அக்கா என்றேன். பொய் இல்லை. ஆனால் ஒரு பேர் கொடுக்க எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?

"சரி தம்பி. வெளிய இருந்தா என்ன, நான் பாத்துக்கிடுதேன்."

கோபமே இல்லை அந்தக் குரலில். திட்டியிருந்தால்கூட இன்று இவ்வளவு வலித்திருக்காது.

வெளியே போன மாட்யூல் ஆப்போடு தானாக வராது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் வள்ளத்துக்காரர்கள் ஒவ்வொருவர் போனாக வாங்கி, அக்காவே ஏற்றிக் கொடுப்பாராம். நாங்கள் ஒவ்வொரு புது வெர்ஷன் விடும்போதும் அது உடையும். ஒவ்வொரு தடவையும் ஒற்றை ஆளாக உட்கார்ந்து சரி செய்திருக்கிறார், ஊசி போட்டுக்கொண்டு வந்த வாரங்களில்கூட. இதையெல்லாம் சூசை அண்ணன் சொல்லித்தான் தெரியும்.

காலையில் போனை வைத்ததும் அந்த மாட்யூலைத் திறந்து பார்த்தேன். பொறுப்பாளர் பேர் எழுதும் ஃபைலில் முதல் வரியில் அக்கா பேர்.

இரண்டாவது வரியில் பேர் இல்லை. பக்கத்தில் சின்னதாக ஒரு குறிப்பு மட்டும்: 'தம்பிக்கு நேரம் கிடைக்கும்போது.'

மீட்டிங் நடந்த அன்றே எழுதியது. ஒரு வருஷமாக அங்கேயே இருந்திருக்கிறது. நான் ஒரு தடவைகூடத் திறந்து பார்க்கவில்லை. வெட்கமாக இருக்கிறது... ரொம்ப அழுதேன்.

என் பேரைப் போட்டுவிட்டேன். திரும்ப உள்ளே சேர்க்கச் சொல்லி கோர் டீமுக்கும் அனுப்பிவிட்டேன்.

டீமில் ஒரு நண்பர் தயங்கித் தயங்கிக் கேட்டார். அக்கா பேரை எடுத்துவிட்டால் மறுபடி ஒரு பேர்தானே வரும், ரூல் இடிக்குமே என்று. அவர் மேல் தப்பில்லை, ரூல் என்னுடையது.

அக்கா பேரை எடுக்கப் போவதில்லை என்று பதில் போட்டேன். ஒவ்வொருவராகச் சரி என்றார்கள், கேள்வி கேட்ட நண்பர்தான் முதலில்.

நாளை சாயங்காலம் நாலு மணிக்கு அடக்கம். தெரிந்தவர்கள் வாருங்கள். அந்தோணிகள் மூன்று பேரும் இப்போதே வீட்டு வாசலில் நிற்கிறார்களாம்.

போய்ட்டு வாங்க அக்கா. அவங்கள நான் பாத்துக்கிடுதேன்.