ஊற்றுக்கு மேலே ஒரு போர்

குனிந்து கையை விட்டால் விரல்களுக்கிடையில் மணல் கொதிப்பதுபோல் குமிழியிட்டுப் புரளும். ஆனால் சித்திரை வெயிலிலும் எலும்பு வரை சில்லிடும். நெமிலிச்சேரிக்குப் பக்கத்தில், ஏரிக்கரையின் அடிவாரத்தில் இருந்த அந்தப் பள்ளத்தை நாங்கள் வெறுமனே "ஊத்து" என்போம். நாற்பது வீடுகளுக்கும் குடிதண்ணீர் அதுதான். எண்பதுகளின் கடைசியில், எனக்குப் பத்து வயதிருக்கும்போது, அதற்குக் கேடு எங்கள் வீட்டிலிருந்தே கிளம்பியது.

சென்னைப் பாடியில் அப்பா வேலை பார்த்த தொழிற்சாலையை "லாக் அவுட்" என்று இழுத்து மூடி எட்டு மாதமாகியிருந்தது. கஞ்சி குடித்துக் காலம் தள்ளிய அந்த நாட்களில்தான் தண்ணீர் லாரிக்காரர் ஒருவர் வந்து, ஊற்றுக்கு மேட்டிலிருந்த எங்கள் துண்டு நிலத்தில் ஆழ்துளைப் போர் போட்டுத் தண்ணீர் எடுத்துக்கொள்கிறேன், லாரிக்கு இவ்வளவு தருகிறேன் என்றார். அப்பா சம்மதித்தார்.

குழாய் இறங்கிய அன்றே எதிர்வீட்டு ஸ்டெல்லா அக்கா வாசலில் வந்து நின்றாள். குவார்ட்டர்ஸ் வீடுகளில் பாத்திரம் தேய்த்துப் பிழைப்பவள். யாருக்கும் பயந்து பேசத் தெரியாதவள்.

"இன்னா அண்ணாத்தே, மேல உறிஞ்சினா கீழ எப்டி ஊறும்?"

"என் நெலத்துல நான் போடுறேன். ஊத்து அது பாட்டுக்கு வரும், போம்மா."

"பூமிக்குள்ள வேலியா போட்டு வெச்சிகீற?"

அப்பா உள்ளே போய்விட்டார்.

ஒரு நாளைக்குப் பத்து லாரி, பதினைந்து லாரி என்று போக ஆரம்பித்ததும் ஊற்று மெலிந்தது. குடத்தை முக்கி எடுத்த இடத்தில் கொட்டாங்குச்சியால் "சொரண்டித் தண்ணி" எடுக்க வேண்டியதாயிற்று. ஒரு காலையில் பெண்களெல்லாம் காலிக் குடங்களோடு மண்பாதையில் லாரியை மறித்து உட்கார்ந்தார்கள். அடுப்பில் உலையை ஏற்றிவிட்டு வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்த அம்மா, சட்டென்று அதை இறக்கி வைத்துவிட்டுக் குடத்தை எடுத்துக்கொண்டு போய் ஸ்டெல்லா அக்கா பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். எங்கள் நிலத்து மோட்டார் கொட்டகையருகே நின்றிருந்த அப்பா அவளைப் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, லாரியைப் பின்னால் எடுக்கச் சொல்லி டிரைவருக்குக் கைகாட்டினார். அன்று மாலை ஊரே எங்கள் வீட்டில் சிரித்துப் பேசியது. மறுநாள் ரயில்வே கேட் பக்கமாக வேறு வழியில் லாரி வந்தது. அப்பாவே மோட்டாரைப் போட்டுவிட்டார். அம்மா அவரோடு பேசுவதை நிறுத்திக்கொண்டாள்.

இரண்டாவது கோடையில் ஊற்று நின்றது. சில வாரங்களில் போரிலும் தண்ணீருக்குப் பதில் காற்று வந்தது. லாரிக்காரர் குழாய்களைப் பிடுங்கி ஏற்றிக்கொண்டு, வேறு ஊர் பார்த்துப் போய்விட்டார்.

மறுநாள் விடிந்ததும் அப்பா கடப்பாரையோடு ஊற்றுப்பள்ளத்தில் இறங்கினார். யாரும் கூப்பிடவில்லை, யாரும் தடுக்கவுமில்லை. அவர் தோண்டித் தோண்டி நிரப்பிய கூடையை மேலே வாங்கிக் கொட்ட ஆளில்லாமல் தவித்தபோது, ஸ்டெல்லா அக்கா வந்து கை நீட்டினாள். முதல் நாள் மணல் ஈரமாக இருந்தது. இரண்டாம் நாள் கையில் ஒட்டவில்லை. மூன்றாம் நாள் காய்ந்து இறுகிய சாம்பல் நிறக் களிமண்ணில் கடப்பாரை நங்கென்று மோத, அப்பா அந்த மண்மேலேயே உட்கார்ந்து, நாங்கள் பார்க்கிறோம் என்பதையும் மறந்து, வாய்விட்டு அழுதார்.

"போதும் அண்ணாத்தே," என்றாள் அக்கா. "ஏறி வா."

அப்புறம் ஒவ்வொரு வீடாகப் பூட்டிக்கொண்டு போனார்கள். ஸ்டெல்லா அக்கா சென்னீர்குப்பத்தில் தம்பி வீட்டுக்குப் போனதாகச் சொன்னார்கள். அதன்பின் நான் அவளைப் பார்க்கவேயில்லை. அப்பாவின் தொழிற்சாலை கடைசிவரை திறக்கவுமில்லை.

இன்று அந்தப் பள்ளம் இருந்த இடத்தைக் கேட்டால் காட்ட ஆளில்லை. அதன்மேல் எழுந்த அடுக்குமாடியில், மூன்றாவது மாடியில் நான் குடியிருக்கிறேன். ஒன்றுவிட்டு ஒருநாள் காலையில் லாரி வந்து கீழ்த்தொட்டியை நிரப்பிவிட்டுப் போகிறது. எந்த ஊர்த் தண்ணீர் என்று டிரைவரிடம் கேட்க நினைத்துப் பலமுறை படியிறங்கியிருக்கிறேன். இதுவரை கேட்டதில்லை.