மண்வெட்டிக்காரரின் மனப் பரிசோதனை

மகளின் திருமணத்துக்கு ஆயுள் கைதி விடுப்புக் கேட்டால், நன்னடத்தை அலுவலரின் அறிக்கை போதும் என்பது விதி. 2008இல் கடலூர்ப் பக்கத்துச் சிறையொன்றில் நான் நல அலுவலராக இருந்தேன். புதிதாக வந்த மேலதிகாரிக்கு அந்த அறிக்கை போதவில்லை. ஏதோ பயிற்சி வகுப்பில், ஈவிரக்கமும் குற்ற உணர்வும் இல்லாதவரைக் குறிக்கும் ‘சைக்கோபாத்’ என்ற சொல்லைக் கற்றுக்கொண்டு வந்திருந்தார். கற்றதை யார்மீதாவது பயன்படுத்த வேண்டுமே.

விடுப்புக் கேட்டவர் கீரப்பாளையத்துக்காரர். வாய்க்கால் தண்ணீர்த் தகராறில் மனைவியின் அண்ணனை மண்வெட்டியால் வெட்டிவிட்டு, அதே மண்வெட்டியோடு காவல் நிலையத்துக்கு நடந்து போனவர். கல்யாணத்தில் தாய்மாமன் நிற்கும் இடம் இவரால் காலி; அப்பாவாவது நிற்க வேண்டும் என்பது மகளின் பிடிவாதம்.

சிறைச் சமையலறையில் காய் நறுக்கும் பெரிய கத்தி இவர் பொறுப்பில்தான் இருந்தது. கொலைக் கைதியை நம்பிக் கத்தியைக் கொடுப்போம். மோசடிக் கைதியிடம் சர்க்கரை டப்பாவைக்கூடக் கொடுக்க மாட்டோம். பயிற்சி வகுப்பில் இதைச் சொல்லித்தருவதில்லை.

அண்ணாமலை நகரிலிருந்து உளவியல் ஆராய்ச்சி மாணவி ஒருவர், இவர் சைக்கோபாத்தா என்று சோதிக்கும் வினாத்தாளோடு வந்தார். செய்ததற்கு வருந்துகிறீர்களா என்று கேட்டார்.

“நான் ஒண்ணும் செய்யலீங்கம்மா.”

இறந்தவரை நினைப்பதுண்டா என்றதற்கு, அவர் யாரென்றே தெரியாது என்றார். கடைசிவரை இதே கதைதான். குற்ற உணர்வு இல்லை, பொய் தாராளம் என்று மாணவி எழுத எழுத, பள்ளிக்கூடத்தில் இவர் கண்டிராத மதிப்பெண்ணெல்லாம் குவிந்தது.

இவரை வெளியே அழைத்துப் போய், ஏன் இப்படி என்று கேட்டேன்.

“காயிதத்த வச்சிக்கிட்டு யாரு கேட்டாலும் இல்லன்னு சொல்லச் சொன்னாரு சார் வக்கீலு.”

“அந்தப் பொண்ணு கோர்ட்டு இல்லய்யா. நீ இப்படியே பேசுனா கல்யாணத்துக்குப் போவ முடியாது.”

திரும்பப் போனவர் உட்காருவதற்குள் அழத் தொடங்கிவிட்டார். மச்சானுக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்புவரை சொல்லி அழுதார். “ஆனா அன்னிக்கி தண்ணி என் மொறைதாம்மா” என்பதையும் விடவில்லை.

ஆத்திரத்தில் நொடியில் வெட்டுவது ஒன்று, ஆதாயத்துக்காக நிதானமாகத் திட்டமிட்டுக் கொல்வது வேறு; சைக்கோபாத் குணம் அதிகம் ஒட்டுவது இரண்டாவதோடுதான், இவர் முதல் வகை என்று மாணவி அறிக்கை கொடுத்தார். மேலதிகாரி அதை இருமுறை படித்தார். நல்ல அறிக்கை என்று பாராட்டினார். பிறகு, இதை ஏற்கலாமா என்று தலைமையிடத்துக்கு எழுதிக் கேட்டார்.

ஆவணியில் திருமணம் நடந்தது. மணமக்கள் மனுப் போட்டு, கழுத்தில் மாலையோடு கம்பிவலைக்கு அந்தப்பக்கம் வந்து நின்றார்கள். இவர் வலைக்கண் வழியாக அட்சதை தூவினார். சமையலறை அரிசி, நான் பார்க்கவில்லை.

மகளின் திருமணத்துக்கு மூன்று நாள் விடுப்பு வழங்கலாம் என்று பதில் வந்தது 2009 பங்குனியில், அவளுக்கு வளைகாப்பு நடந்த அன்று.