அம்மாவோடு போன சொல்

தொண்ணூறுகளின் நடுவில், கனடாவில் ரொறொன்ரோ நகரத்தின் ஸ்காபரோவில் ஒரு சனிக்கிழமை எழுத்து வகுப்புக்குப் போய்வந்தேன். மற்ற நாட்களில் பிஸ்கற் தொழிற்சாலையில் பெட்டி அடுக்கும் வேலை. மட்டக்களப்பில் கவிதை எழுதியவள் என்ற நினைப்பு மட்டும் மிச்சமிருந்தது.

எங்கள் ரீச்சர் நவஹோ என்ற பூர்வகுடி இனத்தவர். அமெரிக்காவின் அரிசோனாவில், ஆடு வளர்க்கும் குடும்பத்தில் பிறந்தவர். கணவரோடு ரொறொன்ரோ வந்தவர், அவர் பிரிந்துபோன பின்னும் இங்கேயே இருந்துவிட்டார். தன் மொழியில் கவிதை எழுதி, பிறகு அதை ஆங்கிலத்தில் எழுதுவார். சின்ன வயதில் விடுதிப் பள்ளியில் அந்த மொழியைப் பேசியதற்காக வாயில் சவர்க்காரம் வைத்துத் தேய்த்தார்களாம். சொல்லும்போது அவர் குரல் மாறவில்லை. எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டு, "சரி, எழுதுங்கள். முதலில் உங்கள் உங்கள் மொழியில்" என்றார்.

அவருடைய அம்மாவின் வீட்டில் ரெலிபோன் கிடையாது. ஞாயிறுகளில் அம்மா ஊர்க் கடைக்கு வந்து காத்திருப்பார். ரீச்சர் இங்கிருந்து அந்தக் கடைக்கு ரெலிபோன் எடுப்பார். கவிதையில் ஒரு சொல் பிடிபடாவிட்டால் அம்மாவிடம்தான் கேட்பார்.

"இந்த நகரத்தில் என் மொழியில் பேச எனக்கு ஒருவருமில்லை" என்று ஒருநாள் சொன்னார். எனக்கோ மரக்கறிக் கடைக்குப் போனாலே தமிழ் கேட்கும்.

அந்த மாசியில் அவருடைய அம்மா இறந்துபோனார். ரீச்சர் போய்வந்தார். இறந்தவரின் பெயரைச் சொல்வது அவர்களுக்கு வழக்கமில்லை. அம்மாவைப் பற்றிய பேச்சே நின்றுபோயிற்று.

தவணை முடிவில் நூலகத்தில் எல்லோரும் வாசித்தோம். கடைசியாக ரீச்சர் எழுந்து, தாள் இல்லாமல், தன் மொழியில் மழையைப் பற்றிய கவிதை ஒன்றைத் தொடங்கினார். பாதியில் நின்றார். திரும்ப முதலிலிருந்து சொன்னார். அதே இடத்தில் நின்றார். எடுத்துக்கொடுக்க அந்த அறையில் ஆளில்லை. "மன்னியுங்கள், சொல் வரவில்லை" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். நாங்கள் கைதட்டினோம். தட்டாமல் இருந்திருக்கலாம்.

வகுப்புக்கு வந்துகொண்டிருந்த உதவிப்பணம் நின்றதால் அடுத்த தவணை அது நடக்கவில்லை. பிறகொரு பனிக்காலத்தில் பஸ் நிலையத்தில் அவரைக் கண்டேன். உடுப்புக் கடையில் வேலை என்றார்.

"எழுதுகிறீர்களா, ரீச்சர்?"

"இல்லை. ஊரில் என் மொழி பேசுகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். என் அம்மாவின் சொற்கள் அவர்களிடம் இல்லை."

"ஊருக்குத் திரும்பிப் போகலாமே?"

"எந்த வீட்டுக்கு? மரணம் நடந்த வீட்டில் நாங்கள் இருப்பதில்லை. அம்மாவின் வீட்டை அப்படியே விட்டுவிட்டார்கள்."

அவருடைய பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டார். பிறகு நான் அவரைக் காணவில்லை.

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். "ரீச்சர் இனி எழுதமாட்டா போல."

"அதுக்கு நீர் ஏனப்பா அழுறீர்?"

மகள் வந்து என்னவென்று கேட்டாள். தமிழில் சொல்லத் தொடங்கினேன். "இங்கிலிஷில சொல்லுங்கோ அம்மா" என்றாள். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொல்லி முடித்தேன். வேலை போன யாரோ ஒருவரின் கதையாகத்தான் அது இருந்தது.

"ஓ, ஸோ ஸாட்" என்றுவிட்டு அவள் ரிவி பார்க்கப் போனாள்.