உடைக்க வளர்ப்பவர்

ஐயா இடுக்கி நுனியில் ஒரு படிகத்தை எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துவிட்டு, சட்டைப்பையிலிருந்து சீப்பை எடுக்கிறார். படிகம் ஒரு மிளகு அளவுகூட இல்லை. அவர் தலையில் முடியும் பெயருக்குத்தான் இருக்கிறது. "இதப் பாத்துத் தலை சீவ முடியணும். முடியலன்னா அது படிகம் இல்ல, சரளைக்கல்லு" என்பார். தேறாத படிகமென்றால் சீப்பு பாதி வழியிலேயே பைக்குத் திரும்பிவிடும்.

சீரியம், கோபால்ட் என்ற உலோகங்களை உருகிய இண்டியத்தில் கரைத்து, குழாயில் அடைத்து, உலையில் வாரக்கணக்கில் மெல்ல மெல்ல ஆறவிட்டுப் படிகம் வளர்ப்பது அவர் வேலை. அவசரப்பட்டால் பொடிதான் மிஞ்சும். அவர் அவசரப்பட்டதே இல்லை, உலையிலும் சரி, வெளியிலும் சரி. ஆய்வகத் தாழ்வாரத்தில் நாலடி வைப்பதற்குள் காவலாளியின் முட்டிவலியை விசாரித்து, கணக்காளர் மகளின் பரீட்சையைக் கேட்டு, படிக்கட்டுப் பூனையிடமும் இரண்டு வார்த்தை பேசியாக வேண்டும். மனைவி அவருக்கு வைத்த பெயர் 'கன எலக்ட்ரான்'.

பெயர்ப் பொருத்தத்தில் குறையில்லை. அந்தப் படிகத்தில் சீரியம் அணு ஒவ்வொன்றும் ஒரு குட்டிக் காந்தம். நன்றாகக் குளிர்ந்ததும், பக்கத்தில் ஓடும் எலக்ட்ரான்களோடு அவை கலந்துபோய்த் தங்கள் காந்தத்தனத்தை இழக்கின்றன. அப்படி மாட்டிக்கொண்ட எலக்ட்ரான்களோ, எடை பல மடங்கு கூடியதுபோல் ஊர்ந்து போகின்றன. "என்ன மாதிரியேதான். ஆளு கனமில்ல, பழக்கம்தான் ஜாஸ்தி" என்று சிரிப்பார்.

ஒளி பாய்ச்சி அந்த எலக்ட்ரான்களை வெளியே இழுத்து அளப்பவர் அவர் மனைவிதான். படிகத்தின் காற்றுப் பட்ட முகம் அந்த வேலைக்கு உதவாது. படிகத்தின் தலையில் ஒரு பீங்கான் குச்சியை ஒட்டி, காற்றை உறிஞ்சி வெளியேற்றிய கலத்துக்குள் வைத்து, கம்பியால் ஒரு தட்டுத் தட்டிப் பிளந்து, உள்ளிருக்கும் புதுமுகத்தைப் பார்க்க வேண்டும். ஆக, ஐயா வாரக்கணக்கில் வளர்ப்பதை அம்மா ஒரு நொடியில் உடைப்பார். சரியாக அந்த நொடியில் ஐயாவுக்கு டீ ஞாபகம் வந்துவிடும். "வளத்தவன் பாக்கக் கூடாதும்மா" என்று நழுவிவிடுவார்.

அன்று காலை மூன்று உடைந்தன. மூன்றும் கரடுமுரடு. மிச்சம் ஒன்றுதான். கருவியில் அவர்களுடைய முறை மாலையோடு முடிகிறது. இனி அடுத்த வருஷம்தான்.

"ஒட்டுனதுல ஏதோ தப்பு நடந்திருக்கு" என்றார் மனைவி.

"உன் கை மேல பழியப் போட்டுக்காத. வளர்ப்பு சரியில்ல, அவ்வளவுதான்." பழியை அவர் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பாவம், அன்று தாழ்வாரத்தில் யாரிடமும் நிற்காமல் நேரே வந்திருந்தார். பூனைகூடத் திரும்பிப் பார்த்தது.

உடைக்கும்போது கலத்துக்குள் தெரிய வழக்கமாக விளக்குப் பிடிக்கும் உதவியாளர் விடுப்பில் இருந்தார். "வாங்க கன எலக்ட்ரான், இன்னிக்கு டீ கிடையாது. நீங்கதான் லைட்டு பிடிக்கணும்."

"என்னால முடியாதும்மா."

"கண்ண மூடிக்கிட்டுப் பிடிங்க."

அப்படியே பிடித்தார். வெளிச்சம் கலத்தை விட்டுச் சுவரில் விழுந்தது.

"சுவத்தையா உடைக்கப் போறேன்? கொஞ்சம் இடது பக்கம்!"

கம்பி வழியாக மெல்லிய ஒரு 'டிக்' கேட்டது. மனைவி வாய் திறக்காததுதான் அவருக்குப் பெரிய பயமாக இருந்தது.

"என்னங்க" என்றார் மனைவி கடைசியில். "கொஞ்சம் இங்க வந்து பாருங்க."

கண்ணைத் திறந்து, கலத்தின் கண்ணாடி வட்டத்துக்கு முன்னால் குனிந்தார். உள்ளே பட்ட விளக்கொளி துளியும் சிதறாமல் திரும்பி வந்து அவர் முகத்தில் அடித்தது. விளக்கை மனைவி கையில் கொடுத்துவிட்டு, பையிலிருந்து சீப்பை எடுத்து, ஆற அமர வகிடு எடுக்க ஆரம்பித்தார்.