தூண் பங்களாவின் பொய் யன்னல்

சுண்ணாம்புச் சுவரில் காதை வைத்தால் முதலில் குளிர் ஏறும், பிறகு கடலிரைச்சல் போல ஒன்று கேட்கும். எட்டு வயதில் அம்மாவோடு அப்படி நின்ற மத்தியானங்களை நினைத்தால் இன்றும் எனக்குக் காது சில்லிடுகிறது.

திருகோணமலைத் துறைமுகத்தைப் பார்த்தபடி மேட்டில் நிற்கும் அந்த வெள்ளைக்காரன் காலத்து வீட்டை ஊரார் "தூண் பங்களா" என்பார்கள். உயர்ந்த உருண்டைத் தூண்கள், அவற்றின் மேல் முக்கோண முகப்பு, நடுவில் மடித்தால் ஒன்றோடொன்று பொருந்திவிடும் இரண்டு பக்கங்கள். ஆளில்லாமல் கிடந்த அதற்கு அப்பாதான் காவலாளி. நாங்கள் பின்பக்கத்தில், முன்பு வெள்ளைக்காரருக்குச் சமைத்த குசினிக் கட்டடத்தில் குடியிருந்தோம்.

அந்த வருடம் கடலுக்குப் போன மோகன் அண்ணா திரும்பவில்லை, வள்ளமும் வரவில்லை. சில நாள் கழித்து, அந்த முகப்பைக் குறியாக வைத்துக் கரைக்குத் திரும்பும் மூதூர் மீனவர் இப்ராகிம் காக்கா அம்மாவிடம் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "தங்கச்சி, உங்கட மகன் மேல்மாடியில, கிழக்குக் கடைசி யன்னலில நிக்கிறதைக் கண்டனான்."

ஓடிப்போய்ப் பார்த்தோம். வெளியே பச்சைக் கதவோடு யன்னல் இருந்தது. உள்ளே அந்த இடத்தில் வெறும் சுவர்.

"அது பொய் யன்னல். மற்றப் பக்கத்தோட ஒத்துவரவேணும் எண்டு வெளியில மட்டும் வச்சது," என்றார் அப்பா.

"ஆக்கள் இல்லாத இடத்துக்கு ஆர் யன்னல் வைப்பினம்?" என்று கேட்டார் அம்மா. அதன்பிறகு மத்தியானங்களில் சோற்றுக் கோப்பையோடு மேலே ஏறுவார், சுவரைத் தட்டுவார், என்னையும் காது வைக்கச் சொல்வார். "கேக்குதோ?" எனக்குப் பயம், இல்லையென்று சொல்ல அதைவிடப் பயம். அம்மாவின் கை ஓய்ந்த பிறகும் ஒரு தட்டு கேட்கும். எதிரொலி என்றுதான் நான் சொல்லிக்கொள்கிறேன்.

பங்களா இப்போது விடுதி. மேசன்மார் அந்தச் சுவரை உடைத்து உண்மையான யன்னலே வைத்துவிட்டார்கள். உள்ளே என்ன இருந்தது என்று விசாரித்தேன், செங்கல்தான் என்றார்கள். போன மாதம் அம்மாவைக் கூட்டிப்போனேன். கண் மங்கிவிட்டது, படியேற ஏலாது. முற்றத்துக் கதிரையில் இருத்திவிட்டு நான் மட்டும் மேலே போய் யன்னலைத் திறந்தேன். கீழே அம்மா எழுந்து நின்று அண்ணாந்து பார்த்தார்.

"மோகன்! இறங்கி வாடா, சோறு ஆறுது."

அண்ணாவும் இல்லை, அவனை மறைத்த சுவரும் இல்லை. அம்மா மட்டும் காத்துக்கொண்டு நின்றார்.

"ஓம் அம்மா, வாறன்," என்றேன்.

அறைக்குள் அது இரண்டு தரம் கேட்டது.