அண்ணையின் திறப்பு

லண்டன் நோர்பரியில் எங்கள் வீட்டுக் குசினிச் சுவரில், பிரிட்ஜுக்குப் பக்கத்தில் ஓர் ஆணி இருக்கிறது. முன்பு அதில் கோயில் கலண்டர் தொங்கியது. இப்போது எட்டு வருடங்களுக்கு மேலாக ஒரு திறப்புத் தொங்குகிறது. சாவியைத்தான் நாங்கள் திறப்பு என்போம். சுண்டுவிரலில் பாதி நீளம், மங்கிப்போன வெள்ளை உலோகம், கழுத்தில் ஒரு துருப்பிடித்த ஊசி. வீட்டுக்கு வருகிறவர்கள் காஸ் மீட்டர் பெட்டியின் திறப்பு என்று நினைத்துக்கொள்வார்கள். நானும் திருத்துவதில்லை. திருத்தப் போனால் அமெரிக்காவின் ஜனாதிபதித் தேர்தலில் தொடங்கி எங்கள் யாழ்ப்பாணத்து வீட்டு முன்கதவு வரைக்கும் சொல்லவேண்டி வரும். அவ்வளவையும் சொல்லி முடித்தாலும், ‘சரி, இப்ப என்ன சொல்ல வாறீர்?’ என்று யாராவது கேட்டால் என்னிடம் பதில் கிடையாது. எனக்கே விளங்காத விஷயத்தை நான் எப்படி மற்றவர்களுக்கு விளக்குவது?

அது என் அண்ணையின் திறப்பு. அண்ணை என்னைவிட ஆறு வயது மூத்தவர். அமெரிக்காவின் தெற்குப் பக்கத்தில், ஒரு சின்ன ஊரில், பெற்றோல் நிலையத்தோடு சேர்ந்த கடை ஒன்று நடத்தினார். அந்த நாட்டின் குடியுரிமை எடுத்து, வாக்குப் போட்டு, வரி கட்டி, அவர்களுடைய கால்பந்தாட்டத்துக்குக் கத்தவும் பழகியிருந்தார். அம்மா இங்கே என் வீட்டில்தான் கண்ணை மூடினாள் என்பதால் திவசத்துக்கு ஒவ்வொரு வருடமும் இலையுதிர் காலத்தில் லண்டனுக்கு வந்துவிடுவார். கழுத்தில் ஒரு சங்கிலி, அதில் அம்மன் பதக்கம், பதக்கத்தோடு ஊசியில் குத்திய இந்தத் திறப்பு. நான் அதைப் பிரயாணப் பெட்டியின் திறப்பு என்றே நினைத்திருந்தேன். எங்கள் ஆட்கள் பெட்டித் திறப்பை வேறெங்கே வைப்பார்கள்? அம்மாவே லண்டனுக்கு வந்தபோது பெட்டித் திறப்பைத் தாலிக்கொடியில் ஊசி போட்டுக் கொண்டுவந்து, விமான நிலையத்தில் கழற்றமாட்டேன் என்று அடம்பிடித்தவள். மகன் தாயைப் போல என்று நான் உள்ளுக்குள் சிரித்துக்கொள்வேன்.

அமெரிக்கத் தேர்தல் வந்த அந்த வருடம் திவசம் ஞாயிற்றுக்கிழமை முடிந்தது. அண்ணை தன் ஊரில் முன்கூட்டியே வாக்குப் போட்டுவிட்டு வந்திருந்தார். யாருக்கு என்று நாங்கள் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது, அகதியாய்ப் போன மனிதர், அகதிகளைத் திட்டுகிறவருக்கா போடுவார் என்று ஒரு நம்பிக்கை. அதே வாரத்தில் எங்கள் வீட்டில் இன்னொரு காரியமும் தொங்கிக்கொண்டிருந்தது. என் மகளுக்குப் பத்தொன்பது வயது. அவளுடைய பல்கலைக்கழகம் ஒரு வருடம் அமெரிக்காவில் படிக்க இடம் கொடுத்திருந்தது. படிக்கப்போகும் இடம் அண்ணையின் வீட்டிலிருந்து காரில் இருபது நிமிடம். என் வீட்டுக்காரர் சம்மதித்ததே தாய்மாமன் வீட்டில் தங்குவாள் என்பதற்காகத்தான். அவள் பெரியபிள்ளையானபோது சாமத்தியச் சடங்குக்கு மோர்டன் மண்டபத்துக்கு வந்து அவளுக்குத் தண்ணீர் வார்த்த மாமன். வருகிறேன் என்ற பத்திரத்தை அவள் வெள்ளிக்கிழமைக்குள் கொடுத்தாகவேண்டும்.

தேர்தல் முடிவு எங்களுக்குப் புதன்கிழமை விடியத்தான் தெரிந்தது. நான் கீழே வந்தபோது மகள் டிவிக்கு முன்னால் தலையணையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். நான் நூலகத்தில் வேலை செய்பவள். மேலதிகாரியான ஆங்கிலேயப் பெண்மணி, தன்னால் எழும்பவே முடியவில்லை, கொஞ்சம் பிந்தி வரட்டுமா என்று எனக்குச் செய்தி அனுப்பியிருந்தாள். மேலதிகாரி என்னிடம் அனுமதி கேட்ட ஒரே நாள் அது. பால் வாங்கத் தெருமுனைக் கடைக்குப் போனால், லொறியில் ஒளிந்து மூன்று நாடு கடந்து வந்த கடைக்காரத் தம்பி வாயெல்லாம் பல்லாக நின்றான். ‘வந்தவனையெல்லாம் உள்ளுக்கு விட ஏலுமே அக்கா?’ என்று என்னிடமே கேட்டான். திரும்பி வந்தால் வீட்டுக்காரர், எங்களுக்கு வாக்கே இல்லாத தேர்தலுக்கு இந்த வீட்டில் ஏன் இப்படிச் செத்தவீடு கொண்டாடுகிறீர்கள், தேத்தண்ணி கிடைக்குமா கிடைக்காதா என்றார். எல்லோர் மேலும் எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் எதற்காகக் கோபம் என்று நின்று பிரித்துப் பார்க்க எனக்கு நேரம் இருக்கவில்லை.

அண்ணை மேசையில் இருந்து வெறுந்தேத்தண்ணி குடித்தார். முகத்தில் மகிழ்ச்சியும் இல்லை, கவலையும் இல்லை. அங்கே நேரம் என்னவென்றும் பார்க்காமல் மச்சாளுக்கு, அதாவது தன் மனைவிக்கு, போன் எடுத்தார். “அரிசி இருக்கோ? இல்லாட்டி விடிஞ்ச உடனை போய் ஒரு மூட்டை எடுத்து வை” என்றார். எனக்கு அம்மா ஞாபகம் வந்துவிட்டது. எங்கள் நாட்டில் ஜனாதிபதித் தேர்தலில் யார் வென்றாலும் அம்மா செய்த முதல் வேலை அரிசியும் மண்ணெண்ணெயும் வாங்கி வைப்பதுதான். பாவம், அண்ணையும் பயந்துபோய்விட்டார் என்று நினைத்தேன். அந்த நிமிடத்தில் அவர்மேல் அப்படியொரு பாசம் வந்தது எனக்கு.

அந்தப் பாசத்தோடுதான் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு மிளகாய்த்தூள் பொதி கட்டினேன். அண்ணை வியாழக்கிழமை திரும்புகிறார். மச்சாளுக்கு என் கையால் வறுத்து இடித்த தூள்தான் வேண்டும். மணம் வெளியே போகாமல் ஐந்து பைக்குள் சுற்றி, பெட்டியில் உடுப்புக்கு நடுவே வைப்பது என் வழக்கம். அண்ணை குளிக்கப் போயிருந்தார். சங்கிலியைக் கழற்றி அறை யன்னலில் வைத்திருந்தார். பெட்டியில் ஒரு சின்னப் பூட்டு. நான் திறப்பை எடுத்துப் பூட்டில் விட்டேன். போகவில்லை. திருப்பி விட்டேன், எண்ணெய் பூசினேன், கடவுளே என்று பலமாக அமுக்கியும் பார்த்தேன். தலையைத் துடைத்துக்கொண்டே வந்த அண்ணை என்னையும் பூட்டையும் பார்த்து ஒரு கணம் நின்றார். பிறகு பணப்பைக்குள்ளிருந்து வேறொரு திறப்பை எடுத்து நீட்டினார். அப்படியானால் இது எதன் திறப்பு என்று கேட்டேன். அண்ணை பொய் சொல்லத் தெரியாத மனிதர். அன்று மட்டும் தெரிந்திருக்கலாம்.

“துவக்கு வைக்கிற பெட்டி” என்றார்.

துவக்கு என்றால் துப்பாக்கி. அந்தச் சொல்லை எங்கள் வீட்டுக்குள் யாரும் சொல்லி இருபது வருடமாவது இருக்கும். வாசலில் மகள் நின்றிருந்ததை நான் கவனிக்கவில்லை. அவள் நேரே கேட்டாள், ஆங்கிலத்தில், யாருக்கு வாக்குப் போட்டீர்கள் மாமா என்று. அண்ணை வென்றவரின் பெயரைச் சொன்னார். ஒளிக்கவில்லை. துவக்கு வைத்திருக்கும் உரிமையில் கைவைக்கமாட்டேன் என்று சொன்ன ஆள் அவர்தான், அதற்காகத்தான் போட்டேன், மற்ற விஷயங்கள் எனக்கும் பிடிக்கவில்லை என்றார். மகள் மேலே போய்க் கதவைச் சாத்தினாள். நான்தான் பேசினேன். வாய் நிற்கவில்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைச் சுட்டுப்போடும் நாட்டில் இருந்துகொண்டு இதைக் கழுத்தில், அம்மன் பதக்கத்தோடு, வெட்கமில்லாமல் என்றெல்லாம் ஏதேதோ சொன்னேன். திவசத்துக்குச் சோறு படைத்த கையாலேயே துவக்கையும் தூக்குகிறீர்களா என்றுகூடக் கேட்டேன். அதைச் சொல்லியிருக்கக் கூடாது.

அண்ணை கட்டிலில் இருந்தார். குரலை உயர்த்தவில்லை.

“அண்டைக்கு அப்பாவைக் கொண்டுபோகேக்கை எங்கடை வீட்டிலை என்ன இருந்தது, சொல்லு பிள்ளை. விளக்குமாறு இருந்தது. வேறை என்ன இருந்தது?”

அந்தப் பகலை நான் மறந்தவள் அல்ல. எனக்கு எட்டு வயது, அவருக்குப் பதினான்கு. துவக்கோடு வந்தவர்கள் அப்பாவைக் கட்டியிருந்த சாரத்தோடு கொண்டுபோனார்கள். நானும் அண்ணையும் ஒரே கட்டிலுக்குக் கீழேதான் கிடந்தோம். எனக்குத் தெரிந்ததெல்லாம் சப்பாத்துகளும் துவக்குகளின் அடிக்கட்டைகளும்தான். மூன்றாம் நாள் அப்பா திரும்பி வந்தார். அதற்குப் பிறகு எங்களோடு அதிகம் பேசவில்லை. சாகும்வரை ஒவ்வொரு நாளும் இருட்டியதும் முன்கதவுக்குச் சாப்பாட்டு மேசைக் கதிரை ஒன்றை முட்டுக் கொடுத்துவிட்டுத்தான் படுத்தார். அந்தக் கட்டிலுக்குக் கீழே கிடந்தபோது, இந்த உலகத்தில் துவக்கே இருக்கக் கூடாது என்று நான் நினைத்தேன். எனக்குப் பக்கத்தில் கிடந்த அண்ணை, எங்களிடமும் ஒன்று இருந்திருக்க வேண்டும் என்று நினைத்திருக்கிறார். ஒரே கட்டில், ஒரே பயம். இது எப்படி நடந்தது என்று இன்றைக்கும் எனக்குப் பிடிபடவில்லை. நான் அவரிடம் அன்று சொன்னது, எங்கள் வீட்டில் துவக்கு இருந்திருந்தால் அப்பா மூன்றாம் நாளும் வந்திருக்கமாட்டார் என்பதுதான். அண்ணை அதை யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். இருக்கலாம் என்றார்.

அன்று மாலையே மகள் தான் போகவில்லை என்று சொல்லிவிட்டாள். ஒரு வருடம் காத்திருந்து கிடைத்த இடம். மாமா வீட்டில் தங்கினால் நித்திரை வராது, வேறு இடத்தில் தங்க அப்பா விடமாட்டார், ஆகவே கதை முடிந்தது என்றாள். மாமாவிடம் அதைச் சொல்லவேண்டியது நான். தாய்மாமன் வீட்டில் பிள்ளை தங்கப் பயப்படுகிறாள் என்று எந்த வாயால் சொல்வது? அது அவரை வீட்டை விட்டுத் துரத்துவதற்குச் சமம். நான் சொல்லவில்லை. ஆனால் எங்கள் வீட்டுச் சுவர்கள் மெல்லியவை, அண்ணைக்குக் காது கேட்கும்.

வியாழக்கிழமை காலை டாக்சி வெளியே நின்றது. மகள் கீழே இறங்கி வரவில்லை. அண்ணை வாசலில் சப்பாத்தைப் போட்டுக் கயிறு கட்டிவிட்டு நிமிர்ந்தார். சங்கிலியிலிருந்து ஊசியைக் கழற்றினார். என் உள்ளங்கையை விரித்துத் திறப்பை வைத்து மூடினார்.

“பிள்ளை வந்து நிண்டு படிச்சு முடிக்கட்டும். அதுமட்டும் இது உன்னட்டை இருக்கட்டும். நான் திறக்கேலாது, என்ன?”

மகள் போனாள். வெள்ளிக்கிழமை மாலை பத்திரத்தைக் கொடுத்தாள், அடுத்த கோடையில் விமானம் ஏறினாள், மாமா வீட்டில் ஒரு வருடம் இருந்தாள். அவளும் மாமாவும் தினமும் சாப்பாட்டு மேசையில் அரசியலுக்குச் சண்டை பிடித்ததாகவும், அவர் தோற்றுப்போனால் எழும்பிப் போய் அவளுக்குத் தோசை சுட்டதாகவும் மச்சாள் சொல்வாள். திரும்பி வந்தபோது மகள், மாமா ஒரு விசித்திரமான ஆள், ஆனால் என் ஆள் என்றாள்.

திறப்பை அண்ணை திருப்பிக் கேட்கவில்லை. நானும் கொடுக்கவில்லை. திவசத்துக்கு வரும்போதெல்லாம் ஆணியைப் பார்ப்பார், தேத்தண்ணி குடிப்பார், போவார். அதற்குப் பிறகு இரண்டு ஜனாதிபதித் தேர்தல்கள் வந்தன. இரண்டிலும் அதே பக்கத்துக்குத்தான் வாக்குப் போட்டார், இரண்டு தடவையும் எனக்குச் சொன்னார். தான் திறக்கவே முடியாத துவக்கின் உரிமைக்காக ஒருவர் ஏன் வாக்குப் போடவேண்டும்? எனக்கு ஒரே ஒரு விளக்கம்தான் தோன்றியது. எந்தப் பூட்டுக்கும் இரண்டு திறப்புத் தருவார்கள். ஒன்றை எனக்குத் தந்துவிட்டு மற்றதை வைத்திருக்கிறார். கடைசித் தேர்தல் முடிவு வந்த அன்று போனில் அதைக் கேட்டும்விட்டேன். “மற்றத் திறப்பு உங்களட்டை இருக்குத்தானே? பிறகேன் என்னை ஏமாத்திறியள்?” என்றேன். அண்ணை எந்தப் போனிலும் கேட்கிற கேள்வியையே கேட்டார், வீட்டில் அரிசி இருக்கிறதா என்று. இருக்கிறது என்றேன். சரி பிள்ளை, வைக்கிறன் என்றார்.

மூன்று மாதம் கழித்து, கடையில் பெட்டி இறக்கிக்கொண்டிருந்தபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு குந்திய அண்ணை எழும்பவில்லை. அவருடைய முப்பத்தோராம் நாள் சடங்குக்குச் சோறு படைக்க இந்தத் தடவை நான் அங்கே போகவேண்டியிருந்தது. துவக்குப் பெட்டியைப் பற்றி அங்கே யாரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. போன கிழமைதான் மச்சாள் போன் எடுத்தாள். வீட்டை விற்கப்போகிறாளாம். அதற்கு முன்னால் அந்தத் துவக்கைப் பொலிசிடம் ஒப்படைக்க வேண்டுமாம், திறப்பை அனுப்பு என்றாள். மற்றத் திறப்பு இல்லையா என்று கேட்டேன்.

“இருந்தா உன்னட்டை ஏன் கேக்கிறன்? உன்னட்டை ஒண்டைக் குடுத்திட்டு லண்டனாலை வந்த அண்டைக்கே மற்றதை ஆத்துப் பாலத்திலை நிண்டு எறிஞ்சுபோட்டு வந்தவர். அதுக்குப் பிறகு ஒவ்வொரு நாளும் கதவுக்குக் கதிரை முட்டுக் குடுத்துத்தான் படுத்தவர்.”

அன்று மாலை மகள் வந்தபோது கதிரையைப் பற்றிக் கேட்டேன். ஓம், நான் இருந்தபோதும் வைப்பார், அது தமிழ் ஆட்களின் ஏதோ வழக்கம் என்று நினைத்தேன் அம்மா என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்துப் பயந்துபோய், ஏன், இல்லையா என்று கேட்டாள்.

தடித்த உறை ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். மச்சாளின் முகவரியும் எழுதியாகிவிட்டது. தபால் கந்தோர் ஐந்து நிமிட நடைதான். அவர் அப்படி ஏன் வாக்குப் போட்டார் என்று இன்னும் எனக்கு விளங்கவில்லை, இனி விளங்கப்போவதும் இல்லை. அவர் போட்ட வாக்கை மன்னிக்க முடியுமா என்றும் தெரியவில்லை. ஆனால் ஒவ்வொரு போனிலும் அவர் என்னிடம் அரிசி இருக்கிறதா என்று கேட்டார். பயமாக இருக்கிறதா அண்ணை என்று நான் ஒரு தடவைகூட அவரைக் கேட்கவில்லை. திறப்பு இன்னும் ஆணியில்தான் தொங்குகிறது.